பனாமா: கால்வாய் வெட்டியவர்களின் பிள்ளைகள் அயலாரானது எப்படி?

1. நெய்தல்

வணக்கம். மத்திய அமெரிக்காவில் குடியேறிய இந்திய வணிகர்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது, பனாமா நாட்டின் 1941ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஒரு பிரிவு கண்ணில் பட்டது. நாட்டுக்குள் குடியேறத் தடை செய்யப்பட்டவர்கள் யார் யார் என்று அது வகைப்படுத்துகிறது. ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத கறுப்பினத்தவர் முதல் வகை. மஞ்சள் இனத்தவர் இரண்டாம் வகை. இந்தியா, சின்ன ஆசியா (இன்றைய துருக்கிப் பகுதி), வட ஆப்பிரிக்கா ஆகிய நிலங்களைச் சேர்ந்த இனத்தவர் மூன்றாம் வகை. புதிதாக வருகிறவர்களைத் தடுப்பதோடு சட்டம் நின்றிருந்தால், அந்தக் காலத்தில் பல நாடுகள் செய்த காரியம்தானே என்று கடந்து போயிருப்பேன். ஆனால் இந்த வகையினருக்குப் பனாமா மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளையும், தாய் தந்தையரில் ஒருவர்கூடப் பிறப்பால் பனாமியராக இல்லாதபோது, அந்தச் சட்டம் குடிமக்கள் கணக்கிலிருந்து விலக்கிவிட்டது.

முதல் வகையில் வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், பார்படோஸ், ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து கால்வாய் வெட்ட வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். கால்வாய் திறக்கப்பட்டது 1914 ஆகஸ்ட் 15 அன்று. இருபத்தேழு ஆண்டுகள்கூட நிறைவதற்குள், அதை வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள் எப்படி அயலாரானார்கள்? இது வெறும் நிறவெறியா, அல்லது வேறு காரணங்களும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. திசைகாட்டி

நல்ல கேள்வி. ஆனால் கதை கால்வாயில் தொடங்கவில்லை, அதற்கு அரை நூற்றாண்டு முன்பு போடப்பட்ட ரயில் பாதையில் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குச் செல்ல விரும்பியவர்கள் பனாமாவின் ஒடுங்கிய நிலப்பகுதியைக் குறுக்கு வழியாகக் கண்டார்கள். 1850இல் தொடங்கி 1855இல் முடிந்த அந்தப் பாதையின் நீளம் 80 கிலோமீட்டரைக்கூட எட்டாது. சதுப்பிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கே கிடையாது. அயர்லாந்துக்காரர், ஜமைக்கர், சீனர் என்று பல திசைகளிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

சீனர்களின் கதைதான் மிகக் கொடியது. அவர்கள் தங்கியிருந்த இடத்தில் நூற்றுக்கணக்கானோர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதனால்தான் அந்த ஊருக்கே 'சீனனைக் கொல்' என்று பொருள்படும் மாத்தாச்சின் என்ற பெயர் வந்தது என்பார்கள்.

3. பழஞ்சுவடி

திசைகாட்டி அவர்களே, தற்கொலைகள் நடந்தது உண்மை. பெயர்க் காரணம் உண்மையில்லை. சீனர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அந்த இடத்துக்கு மாத்தாச்சின் என்ற பெயர் வழங்கியது. ஸ்பானிய மொழியில் 'மாத்தா' என்றால் கொல், 'சினோ' என்றால் சீனன் என்பதால், துயரம் நடந்த பிறகு பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஊர்ப்பெயர்களுக்கு இப்படிக் கதை கட்டுவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். ஆனால் இந்தக் கதை பயண நூல்களில் ஏறி, இன்றுவரை இறங்க மறுக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். 'சீ விட்ச்' என்ற கப்பல் எழுநூறுக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1854 மார்ச் 30 அன்று பனாமாவை அடைந்தது. சில மாதங்களுக்குள் மலேரியாவும் மனச்சோர்வும் அவர்களைச் சூறையாடின. முதலில் வழங்கப்பட்ட அபின் பின்னர் நிறுத்தப்பட்டதும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. அந்த ஆண்டு முடிவதற்குள், எஞ்சியிருந்த இருநூறு பேரளவினரை ஜமைக்காவுக்கு அனுப்பிவிட்டு, அவர்களுக்கு ஈடாக ஜமைக்கத் தொழிலாளர்களை ரயில் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பண்டமாற்று என்ற சொல்லை இங்கே உவமையாகச் சொல்லவில்லை.

பின்னர் வேறு வழிகளில் சீனர்கள் மீண்டும் வந்து, சில்லறைக் கடைகள் வைத்து ஊன்றிக்கொண்டார்கள். பனாமா நகரத்தின் பழைய சீனர் பகுதியில் சால்சிபுவேதெஸ் என்றொரு நெருக்கமான தெரு இருக்கிறது. 'முடிந்தால் வெளியேறு' என்பது அதன் பொருள். பனாமா 1903 நவம்பரில் தனிநாடானது. மறு ஆண்டு மார்ச் மாதத்திலேயே சீனர், துருக்கியர், சிரியர் ஆகியோரின் குடியேற்றத்தைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. ஆகவே 1941இன் விதை நாடு பிறந்தபோதே விழுந்துவிட்டது என்பதை நெய்தல் கவனிக்க வேண்டும். 2004இல், அந்தக் கப்பல் வந்த 150ஆம் ஆண்டில், மார்ச் 30ஐச் சீன இனத்தவருக்கான தேசிய நாளாக அதே நாடு அறிவித்தது.

4. கீழ்த்தளம்

நான் கப்பலில் பொறியாளராக இருந்தவன். பனாமா கால்வாயைப் பதினொரு முறை கடந்திருக்கிறேன். ஆனால் கால்வாயைப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் திணறுவேன். ஏனென்றால், கடக்கும் எட்டு, பத்து மணி நேரமும் என்னைப் போன்றவர்களுக்கு இயந்திர அறையில்தான் வேலை. மேல்தளத்தில் நிற்பவர்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒருமுறை, எனது பணிநேரம் முடிந்த பிறகு கூலெப்ரா வெட்டைக் கடந்தோம். மலையை இரண்டாகப் பிளந்து செய்த வாய்க்கால் அது. இரு பக்கமும் படிப்படியாகச் செதுக்கிய சரிவுகள். அந்தச் சரிவுகள் வெட்டும்போதும் இடிந்து விழுந்தன, வெட்டி முடித்த பிறகும் விழுந்தன.

இன்னொரு முறை கப்பல் கொலோனில் சில நாள்கள் தங்க நேர்ந்தபோது, ஒரு பழம்பொருள் கடையில் ஒரு பித்தளை வில்லையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நமது ஊர்ப் பழைய அரையணாவைவிடச் சற்றுப் பெரியது, ஓரத்தில் ஒரு துளை, நடுவில் பொறித்த எண். அவ்வளவுதான், பெயர் கிடையாது. கால்வாய்த் தொழிலாளி சம்பளம் வாங்க வேண்டுமானாலும் உணவு வாங்க வேண்டுமானாலும் இந்த வில்லையைக் காட்ட வேண்டும். துளையின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. யாரோ ஒருவர் பல ஆண்டுகள் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டிருக்க வேண்டும். கடைக்காரர் சொன்ன விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அன்று வாங்காமல் வந்ததை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அந்த வில்லையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது 'தங்கம்', 'வெள்ளி' என்ற இரண்டு சம்பளப் பட்டியல்கள். அமெரிக்கர்களுக்கு அமெரிக்கத் தங்க நாணயத்திலும், மற்றவர்களுக்கு உள்ளூர் வெள்ளி நாணயத்திலும் கூலி கொடுத்தார்கள். கணக்குப் பிள்ளையின் வசதிக்காக வந்ததுபோலத் தோன்றும் இந்தப் பாகுபாடு, சில ஆண்டுகளுக்குள் தெருவுக்கு வந்துவிட்டது. அஞ்சல் நிலையத்தில் தங்கத்துக்கு ஒரு வாசல், வெள்ளிக்கு ஒரு வாசல். பண்டகசாலை, உணவுக்கூடம், மருத்துவமனைப் பகுதி, பள்ளி, குடியிருப்பு, கடைசியில் இடுகாடு வரை தங்கமும் வெள்ளியும்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று எழுதிவைத்த பலகையை இங்கே உலோகத்தின் பெயரால் எழுதினார்கள். தொடக்கத்தில் திறமையான மேற்கிந்தியர் (பார்படோஸ், ஜமைக்கா முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள்) சிலரும் அமெரிக்கக் கறுப்பர் சிலரும் தங்கப் பட்டியலில் இருந்தார்கள். படிப்படியாக அவர்களை வெள்ளிக்கு இறக்கினார்கள். 1908இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணை, தங்கப் பட்டியல் அமெரிக்கக் குடிமக்களுக்கே உரியது என்றாக்கியது. பின்னர் பனாமியர்களுக்கும் அதில் இடமளித்தார்கள்.

5. செங்காந்தள்

கீழ்த்தளம் எழுதிய வில்லையை வாசித்ததும், அதை அணிந்திருந்தவர் எங்கிருந்து வந்தார் என்று எழுதத் தோன்றியது.

பார்படோஸ் என்பது அன்று இரண்டு லட்சம் மக்களைக்கூட எட்டாத சிறு தீவு. நிலம் முழுவதும் கரும்புத் தோட்ட முதலாளிகளின் கையில் இருந்தது. ஐரோப்பாவில் பீட் கிழங்குச் சர்க்கரை பெருகியதால் கரும்புச் சர்க்கரையின் விலை வீழ்ந்து, கூலியும் வீழ்ந்தது. அப்படிப்பட்ட தீவின் தலைநகரான பிரிட்ஜ்டவுனில் 1905இல் கால்வாய் நிர்வாகத்தின் ஆள்சேர்ப்பு அலுவலகம் திறக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியதில் வியப்பில்லை. 500 வேலைநாள்களுக்கு ஒப்பந்தம், மணிக்கு பத்து சென்ட் கூலி, ஒப்பந்தம் முடிந்தால் திரும்பக் கப்பல் பயணம் இலவசம். இப்படி ஒப்பந்தத்தில் சென்றவர்கள் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர். ஒப்பந்தமின்றித் தாமே சீட்டெடுத்துச் சென்ற ஆண்களும் பெண்களும் இதைவிட அதிகம். சலவை, சமையல், தெருவோரத் தின்பண்டம் என்று வேலை செய்த பெண்களின் பெயர்கள் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறவில்லை.

ஜமைக்காவில் இத்தகைய ஆள்சேர்ப்பை ஆளுநர் எளிதில் அனுமதிக்கவில்லை. 1881 முதல் 1889 வரை பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய் வெட்ட முயன்று திவாலானபோது, வேலையிழந்து தவித்த ஆயிரக்கணக்கான ஜமைக்கர்களை அந்தத் தீவின் அரசுதான் தனது செலவில் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சூடு கண்ட பூனை அது. இதனால்தான் அமெரிக்கர்கள் பார்படோஸை நாடினார்கள். மார்ட்டினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளிலிருந்தும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஸ்பெயினிலிருந்து எட்டாயிரம் பேரளவில் வந்தார்கள். ஸ்பானியர்களும் பெரும்பாலும் வெள்ளிப் பட்டியலில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மணிக்கு இருபது சென்ட். வெள்ளிக்குள்ளும் நிறத்துக்கேற்ற தரம் இருந்தது.

மரணக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்கக் கட்டுமானக் காலத்தில் இறந்தவர்கள் 5,609 என்பது மருத்துவமனைப் பதிவுகளின்படி சொல்லப்படும் எண்ணிக்கை. அதில் சுமார் 4,500 பேர் மேற்கிந்தியர், சுமார் 350 பேர் வெள்ளை அமெரிக்கர். மஞ்சள் காய்ச்சலைக் கொசு ஒழிப்பால் மருத்துவர் கோர்காஸ் விரட்டிய வெற்றிக் கதையை எல்லாரும் படித்திருக்கிறோம். அது உண்மையான வெற்றிதான். ஆனால் மேற்கிந்தியத் தொழிலாளிகளை அதிகமாகக் கொன்றது நிமோனியா. பகல் முழுவதும் மழையில் நனைந்தவர், மாற்றுத் துணி இல்லாமல், காற்றோட்டமற்ற நெரிசலான கொட்டகையில் அதே ஈரத் துணியோடு படுத்தால் என்ன ஆகும்? அதற்குக் கொசு வலை போதாது.

6. ஒப்புரவு

உரையாடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று நினைக்கிறேன். பனாமா நாட்டின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும்.

1903 நவம்பர் 18 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, நாட்டின் நடுவே பத்து மைல் அகலத்துக்கு ஒரு பட்டையைக் கால்வாய் மண்டலம் என்று அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அதில் கையெழுத்திட்ட பனாமாவின் பிரதிநிதி பனாமியரே அல்லர், பழைய கால்வாய் நிறுவனத்தோடு தொடர்புடைய ஒரு பிரெஞ்சுக்காரர். 1911இன் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டின் மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. அவ்வளவு சிறிய நாட்டுக்குள், நாட்டின் அனுமதியைப் பொருட்படுத்தாமல், வேற்று மொழி பேசும், வேற்று மதப் பிரிவைச் சேர்ந்த பல்லாயிரம் பேரை ஒரு பேரரசு கொண்டுவந்து இறக்கியது. 1912இல் அதிபர் டாஃப்டின் ஆணை, கால்வாய் மண்டலத்துக்குள் இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னது. வேலை முடிந்து விடுவிக்கப்பட்ட மேற்கிந்தியர்கள் எங்கே போனார்கள்? சிலர் கியூபாவின் கரும்புக்கும், சிலர் போக்காஸ் தெல் தோரோவின் வாழைத் தோட்டங்களுக்கும், மீதிப் பேர் பனாமா நகரத்திலும் கொலோனிலும் இருந்த மரக் குடியிருப்புகளுக்கும் போனார்கள். ஓர் அறையில் ஒரு குடும்பம், மாடிக்கு ஒரு குழாய். அதே குடியிருப்புகளில் ஏழைப் பனாமியர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கால்வாயில் வேலை கிடைக்கவில்லை, ஆங்கிலம் தெரிந்த மேற்கிந்தியருக்குக் கிடைத்தது. 1925இல் வீட்டு வாடகை உயர்வை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தபோது, பனாமா அரசு தன் மக்களை அடக்க அமெரிக்கப் படையை அழைக்க வேண்டிய நிலையில் இருந்தது. அவமானத்தில் வளர்ந்த தேசியம் அது. பேரரசைத் தொட முடியாதவர்கள், பேரரசு கொண்டுவந்தவர்கள்மீது பாய்ந்தார்கள். நியாயப்படுத்தவில்லை, விளக்குகிறேன்.

7. பழஞ்சுவடி

ஒப்புரவு அவர்களின் விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இறுதியில் சொன்ன வாக்கியத்தை முழுமையாகவே ஏற்கிறேன். ஆனால் 'வேற்று மொழி' என்பதை ஒரு காரணமாக அவர் வைக்கும்போது, நெய்தல் முதல் இடுகையில் தந்த சட்டப் பிரிவை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மொழி நிபந்தனை கறுப்பினத்தவருக்கு மட்டும்தான் இருக்கிறது. மஞ்சள் இனத்தவர், இந்தியாவின் இனத்தவர் ஆகியோருக்கு அந்த நிபந்தனையே இல்லை. பனாமாவில் பிறந்து, ஸ்பானிய மொழி தவிர வேறொன்றும் அறியாமல் வளர்ந்த ஒரு சீனக் கடைக்காரரின் மகனை எந்த ஸ்பானிய மொழியும் காப்பாற்றாது. அப்படியானால் கறுப்பினத்தவருக்கு மட்டும் மொழியை ஏன் சேர்த்தார்கள்? ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் பனாமாவில் பெருந்தொகையாக இருந்தார்கள். போர்த்தோபேலோ போன்ற கடற்கரை ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள், வாக்காளர்கள். கறுப்பினத்தவர் எல்லாரையும் தள்ளினால் நாட்டின் ஒரு பகுதியையே தள்ள வேண்டியிருக்கும். ஆகவே தள்ள வேண்டியவர்களை மட்டும் பிரித்தெடுக்க மொழி ஒரு கத்தியாகப் பயன்பட்டது. மொழிப் பற்றினால் எழுதிய சட்டமாக இருந்தால் அந்த நிபந்தனை மூன்று வகைக்கும் பொதுவாக அல்லவா இருந்திருக்கும்?

இந்த வாசகமும் 1941இல் புதிதாக முளைத்ததன்று. 1926ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஸ்பானிய மொழி பேசாத மேற்கிந்தியத் தீவினர், கயானாவினர் ஆகியோரின் குடியேற்றத்தை ஏற்கெனவே தடுத்திருந்தது. 1940 அக்டோபரில் பதவியேற்ற அதிபர் அர்னுல்ஃபோ ஆரியாஸ் அதை அரசியலமைப்பில் ஏற்றி, பிறந்த பிள்ளைகள் வரை நீட்டினார். அதே காலத்தில் சில்லறை வணிகம் பனாமியர்களுக்கே என்ற சட்டமும் வந்தது. சீனர்கள் கடைகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு நிற்க வேண்டியதாயிற்று. ஓராண்டு முடிந்த சில நாள்களிலேயே, 1941 அக்டோபரில், அவர் பதவியிலிருந்து கவிழ்க்கப்பட்டார். அவர் போனார், பிரிவு போகவில்லை. 1946இல் புதிய அரசியலமைப்பு வந்தபோதுதான் அந்த இனப்பிரிவு நீங்கியது.

8. நெய்தல்

பழஞ்சுவடி அவர்களுக்கு நன்றி. நான் அந்தப் பிரிவைப் பலமுறை படித்தும் மொழி நிபந்தனை ஒரு வகைக்கு மட்டும் இருப்பதைக் கவனிக்கவில்லை. ஒரு துணைக் கேள்வி. அமெரிக்க நிர்வாகத்தையும் சேர்த்துப் பார்த்தால், மேற்கிந்தியர்களே தங்களுக்காகப் போராடவில்லையா? எல்லாரும் அவர்களுக்குச் செய்ததையே பேசுகிறோம்.

9. செங்காந்தள்

போராடினார்கள். 1920 பிப்ரவரி இறுதியில் வெள்ளிப் பட்டியல் தொழிலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கியவர் வில்லியம் ஸ்டௌட் என்ற பார்படோஸ்காரர், பள்ளி ஆசிரியர். கால்வாய் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. வேலைநிறுத்தம் செய்தவர்களைக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றியது. வீடும் வேலையும் ஒரே முதலாளியின் கையில் இருந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? சில நாள்களிலேயே போராட்டம் முறிந்தது. பனாமா அரசும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை.

பத்திரிகை வழியாகவும் ஒரு போராட்டம் நடந்தது. 1928இல் சிட்னி யங் தொடங்கிய 'பனாமா டிரிப்யூன்' என்ற ஆங்கில வார இதழ் மேற்கிந்தியரின் குரலாக இருந்தது. அதில் எழுதி, பின்னர் அதை நடத்திய ஜார்ஜ் வெஸ்டர்மன் கொலோனில் பிறந்தவர். நாம் பனாமியர்கள், ஸ்பானிய மொழியைக் கற்றுப் பொதுவாழ்வில் கலக்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். சொந்த மக்களில் சிலர், ஆங்கிலத்தையும் நமது தேவாலயங்களையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்று அவரைக் கடிந்துகொண்டார்கள். 1950களின் பிற்பகுதியில் அவர் ஐ.நா. அவையில் பனாமாவின் தூதராகப் பணியாற்றினார்.

10. கொன்றை

நான் பணி நிமித்தம் பனாமா நகரத்தில் நான்கு ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தவள். இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன்.

'ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார்' என்ற பழமொழி இவர்களுக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. அதில் இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள் என்பதுதான் வேறுபாடு. ஒப்புரவு அவர்கள் பனாமாவைப் பற்றிச் சொன்னார். 1941 பிரிவு நீங்கிய பிறகு அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். 1954 மே மாதம், பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கால்வாய் மண்டலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த தனிப் பள்ளிகள் அதுவரை ஆங்கிலத்தில் நடந்தன. தீர்ப்பை ஒட்டி அவற்றை வெள்ளையர் பள்ளிகளோடு இணைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்த ஆண்டே அவற்றை 'லத்தீன் அமெரிக்கப் பள்ளிகள்' என்று பெயர் மாற்றி, பயிற்று மொழியை ஸ்பானியம் ஆக்கினார்கள். நேற்றுவரை ஆங்கிலத்தில் பாடம் நடத்திய ஆசிரியரும் ஆங்கிலத்தில் படித்த பிள்ளையும் ஒரே இரவில் மொழி மாற வேண்டும். நிறத்தால் பிரித்தால் சட்டம் தடுக்கும், மொழியால் பிரித்தால் தடுக்காது. பழஞ்சுவடி சொன்ன அதே கத்தியை இந்த முறை எடுத்தது அடுத்த வீட்டுக்காரர்.

இதில் எனக்கு ஆறாத ஒரு செய்தி உண்டு. அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று, கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து ஆய்வு செய்து புகழ்பெற்ற உளவியலாளர் கென்னத் கிளார்க்கினுடையது. அவர் பிறந்தது கால்வாய் திறந்த அதே 1914இல், அதே கால்வாய் மண்டலத்தில். மேற்கிந்தியப் பெற்றோரின் பிள்ளை அவர். சிறுவயதிலேயே தாயார் அவரை நியூயார்க்குக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

1955இன் புதிய ஒப்பந்தமும் இவர்கள் தலையில்தான் விடிந்தது. பனாமா கேட்ட வரி உரிமையையும் சந்தையையும் அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. அதன் விளைவாக, மண்டலத்துக்கு வெளியே வசித்த பழைய வெள்ளிப் பட்டியல் தொழிலாளர்கள் மலிவு விலைப் பண்டகசாலையை இழந்து, புதிதாக வரியும் கட்டினார்கள். பலர் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கப்பலேறினார்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு, இன்று அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லாமல் போனால் தவறான சித்திரம் கிடைக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வெளியே ஒரு பெண்மணி கூடையில் 'பத்தி' விற்பார். ஜமைக்காவின் காரமான இறைச்சிப் பணியாரம்தான் அது, பெயரின் ஒலிதான் ஸ்பானியமாகியிருக்கும். பழுத்த வாழையைச் சிவக்க வேகவைத்து மாவுக்குள் மடித்துச் சுடுவது 'பிளான்தின்தா'. அதன் பெயருக்குள் 'பிளான்டெய்ன் டார்ட்' என்ற ஆங்கிலச் சொற்றொடர் முழுவதும் ஒளிந்திருக்கிறது. புனித வாரம் நெருங்கினால் 'போன்' என்ற கறுத்த இனிப்பு ரொட்டி வந்துவிடும். சோறு என்றால் விழாநாளில் தேங்காய்ப்பாலும் துவரையும் சேர்த்து வடித்த சோறு. முதல் முறை வாயில் வைத்தபோது, நம் அடுக்களையிலிருந்து யாரோ செய்து அனுப்பியதோ என்று நினைத்தேன். இதையெல்லாம் பனாமிய உணவென்று எல்லாரும் உண்கிறார்கள், எவரும் குடியுரிமை கேட்பதில்லை.

11. ஒப்புரவு

கொன்றை அவர்களின் இடுகைக்குப் பிறகு எனது வாதத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. தேசியம் பேரரசுக்கு எதிராக எழுந்தது என்று எழுதினேன். 1926, 1941, 1954, 1955 ஆகிய ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரண்டு அரசுகளும் எல்லாவற்றிலும் சண்டையிட்டுக்கொண்டு, இந்த மக்களின் செலவில் மட்டும் உடன்பட்டிருக்கின்றன. எனினும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சம்பளப் பட்டியலைப் பனாமா எழுதவில்லை. வந்தவர்களைத் தனிப் பள்ளி, தனிக் கடை, தனிக் குடியிருப்பு என்று முப்பது ஆண்டுகள் பூட்டி வைத்துவிட்டு, பிறகு 'இவர்கள் ஏன் கலக்கவில்லை' என்று கேட்பதற்கான வாய்ப்பைப் பனாமியத் தலைவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தது அந்தப் பட்டியல்தான்.

12. திசைகாட்டி

நெய்தல் தொடங்கிய இடமான இந்தியர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று சில வரிகள் சேர்க்கிறேன். (மாத்தாச்சின் திருத்தத்துக்குப் பழஞ்சுவடிக்கு நன்றி. இருபது ஆண்டுகளாகத் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.)

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிந்தி வணிகர்கள் கொலோனிலும் பனாமா நகரத்திலும் கடைகள் திறந்தார்கள். கப்பல் நிற்கும் நேரத்தில் இறங்கி உலாவும் பயணிகளுக்குப் பட்டும் கீழைநாட்டுக் கைவினைப் பொருள்களும் விற்றார்கள். தாய் நிறுவனம் சிந்துவில், கிளைகள் துறைமுகம்தோறும் என்ற முறையில் நடந்த வணிகம் அது. 1941 பிரிவு இவர்களையும் தொட்டது. 1948இல் கொலோன் சுங்கமில்லா வணிக மண்டலம் அமைந்த பிறகு அவர்களுடைய வணிகம் பெருகியது. முந்தைய ஆண்டின் பிரிவினையால் சிந்துவே கைவிட்டுப் போயிருந்த சமயம் என்பதால், அவர்களில் பலருக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. பனாமாவில் இந்தியர் எவரையும், அவர் சீக்கியராகவே இருந்தாலும், 'இந்து' என்றுதான் மக்கள் குறிப்பிடுவார்கள்.

13. கீழ்த்தளம்

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. ஜார்ஜ் ஹெட்லியைப் பலரும் ஜமைக்கர் என்றுதான் அறிவார்கள். 22 டெஸ்ட் போட்டிகளில் 60.83 என்ற சராசரி வைத்திருந்த அந்த மட்டையாளர் 1909இல் கொலோனில் பிறந்தவர். தந்தையார் பார்படோஸிலிருந்து கால்வாய் வேலைக்கு வந்தவர், தாயார் ஜமைக்காக்காரர். பின்னர் வேலை தேடிக் குடும்பம் கியூபாவுக்குப் போனது. பையன் ஸ்பானிய மொழி பேசி வளர்வதைக் கண்டு கவலைப்பட்ட தாயார், ஆங்கிலப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதற்காக, பத்து வயதில் அவரை ஜமைக்காவுக்கு அழைத்துச் சென்றார். ஆங்கிலம் மட்டும் பேசினார்கள் என்பதற்காக அயலாராக்கப்பட்டவர்கள், அவர் பிறந்த அதே ஊரில் இருந்த அவருடைய வயதுப் பிள்ளைகள்தான்.

14. நெய்தல்

கீழ்த்தளம் அவர்களே, ஹெட்லியின் பிறந்த நாளைத் தேடிப் பார்த்தேன்: மே 30. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பனாமா கறுப்பின மக்களின் நாளாகக் கொண்டாடுவதும் அதே மே 30தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, தற்செயல்தான். பழஞ்சுவடி மாத்தாச்சினுக்குச் செய்ததுபோல இதற்கும் யாராவது பிற்காலத்தில் திருத்தம் எழுத வேண்டிவரலாம் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.